முழு விலை கொடுக்காதவர்

அமலன் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பனைக்கு வந்த சாயந்திரம், பெங்களூர் விவேக் நகரில் அவன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அமலன், அவனுடைய அக்கா ஸ்டெல்லா, அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த நான். அவர்களுடைய அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மகன் செய்தது கடைக்கு வருகிற நேரத்தில் தான் முழங்காலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாடி அறையை என்னோடு பகிர்ந்துகொண்டிருந்தவர் வரவில்லை. அந்த விளையாட்டு உருவான இரண்டு வருடமும், ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழ்வீட்டு வாசலில் நின்று, "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டவர், அன்று மட்டும் இல்லை. கே.ஆர்.புரத்தில் யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்களாம். கம்ப்யூட்டர் நாற்காலி பாதி விலைக்கு வருகிறதாம். அதைப் பார்க்கப் போயிருந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயத்தினால் அல்ல. பெயர் சொல்லித் திட்டுகிற அளவுக்குக்கூட அவரிடம் ஏதும் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாற்பதை ஒட்டிய வயது. ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. என்னுடையதைப் போல இரண்டு மடங்கு சம்பளம். கல்யாணம் ஆகவில்லை. ஆம்பூரிலிருந்து அவருடைய அம்மா போன் செய்தால், "அவசரம் இல்லம்மா, வெய்ட் பண்ணுவோம்" என்பார். அந்த 'வெய்ட் பண்ணுவோம்' கல்யாணத்துக்கு மட்டும் சொன்னது இல்லை. ஷாம்புவுக்கும் மழைக்கோட்டுக்கும் அதையேதான் சொன்னார். பல் வலி வந்தபோதுகூட, எந்த ஆஸ்பத்திரியிலாவது இலவச முகாம் போடுவார்கள் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். "விலை தானா இறங்கி வரும் தம்பி. நாமதான் ஏறிப் போயிடக் கூடாது." நான் அந்த அறைக்குக் குடிவந்த முதல் வாரத்தில் இப்படிச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பெங்களூரில் நாலு விஷயம் தெரிந்த ஒருவர் நம்மைத் தம்பி என்று கூப்பிடுகிறாரே என்ற சந்தோஷத்தில், அதைப் பெரிய தத்துவமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்தத் தத்துவத்தின் தலைமையகம் கம்ப்யூட்டர் விளையாட்டு. இப்போது விளையாட்டுகளை யாரும் டப்பாவில் வாங்குவதில்லை. இணையத்தில் பெரிய கடை ஒன்று இருக்கிறது. காசு கட்டினால் விளையாட்டு நம் கணினியில் இறங்கிவிடும். வருடத்துக்கு நாலைந்து முறை அங்கே பெரிய தள்ளுபடி போடுவார்கள். அது தொடங்குகிற நாளில் அவர் ஆபீசுக்கு லீவு போடுவார். தலைக்குக் குளிப்பார். துவைத்த சட்டை போட்டுக்கொள்வார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு முகக்களையோடு கிளம்பி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு விளையாட்டும் இதற்கு முன் எந்தெந்த மாதம் என்ன விலைக்கு விற்றது என்று காட்டுகிற தளம் ஒன்றை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, விலை இதுவரை தொடாத அடியைத் தொட்டிருந்தால்தான் வாங்குவார். ஒரு தடவை ஏதோ ஒன்று போன வருடத்தைவிட மூன்று ரூபாய் அதிகமாக இருந்தது. சாயந்திரம் வரை அவர் முகம் சரியாக இல்லை.

அப்படி வாங்கியது ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிக் காட்டுவார்.

"இதுல எத்தனை விளையாடியிருக்கீங்க அண்ணா?"

"எங்க போயிடும்? இருக்குல்ல, விளையாடிக்கலாம்."

"இது?"

"அது நம்ம மிஷின்ல ஓடாது."

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

திருப்பதிக்குப் போனவனிடம் ஏன் மொட்டை போட்டாய் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தார். "எண்பத்தஞ்சு பர்சென்ட்டு பா," என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டதை ஆடாதவர், வைத்துக்கொள்ளாததை நன்றாக ஆடினார். அந்தக் கடையில் ஒரு நல்ல விதி உண்டு. வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லை என்றாலோ, கணினியில் ஓடவில்லை என்றாலோ, இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்கிக்கொள்ளலாம். மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் வாங்கி ஏமாந்தவனுக்காக இரக்கப்பட்டு வைத்த விதி. இவர் அதை ஓசிப் பந்தியாக்கிவிட்டார். போனில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு ஆட உட்காருவார். சேவல் கூவுகிற அலாரம். சேவல் கூவியதும், கதாநாயகன் மலை விளிம்பில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு எழுந்து, திருப்பித் தரும் பக்கத்துக்குப் போய்விடுவார். உலகத்தில் வந்த எத்தனையோ விளையாட்டுகளின் முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் அவருக்கு மனப்பாடம். ஒன்றின் முடிவும் தெரியாது.

"என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வேணாமா அண்ணா?"

"முடிவுக்கு எதுக்குப் பா காசு? எவனாவது வீடியோ போட்டிருப்பான்."

அந்த வீடியோவையும் அவர் பார்த்ததில்லை.

ஒரு சமயம், தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்காரர்களுக்கு விலை குறைவு என்று தெரிந்துகொண்டு, இருக்கிற ஊரை மறைத்துக் காட்டும் மென்பொருளைப் போட்டு அந்த நாட்டுக்காரர் ஆகிவிட்டார். சில மாதம் விவேக் நகரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே தென் அமெரிக்காவில் வாழ்ந்தார். கடை கண்டுபிடித்துக் கணக்கை முடக்கியபோது, மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் ஒன்று எழுதி என்னிடம் திருத்தத் தந்தார். 'கவனக்குறைவால் என் நாடு மாறிவிட்டது' என்று அதில் இருந்தது.

இப்படிப்பட்டவருக்கும் சீடர்கள் உண்டு. தள்ளுபடி வேட்டைக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு நடத்தினார். மூவாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். குடிவந்த புதிதில் என்னையும் சேர்த்துவிட்டார். எல்லோரும் அங்கே அவரைக் 'குருவே' என்பார்கள். "குருவே, இது வந்திருக்கு, என்ன பண்ணலாம்?" என்று யாராவது கேட்பார்கள். குரு நீளமாகப் பேச மாட்டார். பெரும்பாலும் 'பொறு'. அபூர்வமாக 'வாங்கு'. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற சின்ன விளையாட்டாக இருந்தால், 'ஆடிட்டுத் திருப்பு'. அந்த மூன்றாவது தீர்ப்புக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும்.

வியாழக்கிழமைகளில் குழந்தை ஏசு கோயிலுக்குக் கூட்டம் வரும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயில் வாசல் வரை பூக்கடையும் மெழுகுவத்திக் கடையுமாக இருக்கும். கடை கட்டுகிற நேரம் பார்த்து இவர் கிளம்புவார். மிஞ்சின பூவைப் பூக்காரம்மாவிடம் கால் விலைக்குக் கேட்பார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு கொடுக்கும். அறையில் நாங்கள் இரண்டு ஆண்கள். சாமி படம்கூடக் கிடையாது. வாடின மல்லிகைச் சரத்தைக் கம்ப்யூட்டர் திரையின் மேல் மாட்டிவிட்டு, "வெளிய என்ன ரேட்டு தெரியுமா?" என்பார்.

என் அப்பா கல்குவாரியில் லோடு ஏற்றியவர். ஆட்டுச் சந்தையில் அஞ்சு ரூபாய்க்காக அரை நாள் நிற்கக் கூடியவர். ஆனால் ஊத்தங்கரையில் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும்போது மட்டும், கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். "இதுல போய்க் கொறச்சா படிப்பும் கொறஞ்சிடும்" என்பார். மூட நம்பிக்கைதான். ஆனால் எதில் பேரம் பேசலாம், எதில் கூடாது என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷருக்குள் ஒரு கோடு இருந்தது. இதை ஒரு நாள் என் அறைக்காரரிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கப்பாவ நல்லா ஏமாத்தியிருக்கான் பா," என்றார். "நோட்டு புக்குல மார்ஜின் எவ்ளோ தெரியுமா?"

அன்றைக்கே எனக்கு அவர் புரிந்திருக்க வேண்டும்.

அமலன் என்னைவிட ஒரு வயது சின்னவன். விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவன், சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யப் போகிறேன் என்று வேலையை விட்டான். அப்பா இல்லாத வீடு. ஸ்டெல்லா அக்கா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய சம்பளத்திலும் எங்கள் மாடி வாடகையிலும்தான் அந்த வீடு ஓடியது. அக்கா ஒரு கெடு வைத்தார். என் முன்னால்தான் சொன்னார்.

"ரெண்டு வருஷம் நான் பாத்துக்கறேன். அடுத்த வருஷம் கிறிஸ்மஸ் வரைக்கும். அதுக்குள்ள, இன்னொரு கேம் பண்ற அளவுக்கு இதுல காசு வந்தா நீ பண்ணிட்டே இரு, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். வரலேன்னா வேலைக்குப் போற. அப்போ வந்து அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

"சும்னே சொல்லாத. கைய குடு." சும்மா என்பது அக்கா வாயில் கன்னடமாகத்தான் வரும்.

கையைக் கொடுத்தான்.

அவன் செய்தது இதுதான். ஒரு தெருவில் கரண்ட் போய்விடுகிறது. ஒரு சின்னப் பெண் மெழுகுவத்தி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் இருட்டில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். மாத்திரை, சாவி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அவள் வெளிச்சம் பிடிக்க வேண்டும். காற்று வந்தால் உள்ளங்கையால் மறைக்க வேண்டும். மெழுகுவத்தி கரைந்துகொண்டே வரும். கடைசி வீட்டை எட்டும்போது விரல் அளவுதான் இருக்கும். அங்கே ஒரு கிழவர் கதவைத் திறக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்ட் வந்துவிடுகிறது. எல்லோரும் ஓவென்று கத்துகிறார்கள். யாருக்கும் இனி அவள் வேண்டாம். கிழவர் மட்டும் தன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, "உள்ள வாம்மா, உன் வெளிச்சத்துலயே தேடலாம்" என்கிறார். அவ்வளவுதான். வார்த்தையில் சொன்னால் சின்னதாகத் தெரிகிறது. அந்தச் சுவிட்ச் அணைகிற சத்தத்தை நான் ஹெட்போனில் மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்துகொண்டிருந்தபோது இதை அதிகம் ஆடிப் பார்த்தவர் என் அறைக்காரர்தான். ஆனால் எப்போதும் துண்டு துண்டாக. மூன்றாவது வீட்டில் கதவு மாட்டிக்கொள்கிறது, ஏழாவது வீட்டில் நிழல் தப்பாக விழுகிறது என்று எத்தனையோ குறை கண்டுபிடித்துச் சொன்னார். அமலன் அவரை நம்பினான். அவர்தான் முதலில் கடிகாரம் பார்த்தவரும்.

"ஒன்றர மணி நேரம்தான் வருது அமலா. இன்னொரு தெரு போடு. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆக்கிடு."

"மெழுகுவத்தி அவ்ளோதாண்ணே எரியும்."

"பெருசா ஒண்ணு குடு."

"சின்னப் பொண்ணுண்ணே, கைல புடிக்கணும்ல."

"அதுக்கில்லடா. ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிதுன்னா ஆடிட்டுத் திருப்பிடுவானுங்க. அந்த ஜனங்கள எனக்குத் தெரியும்."

பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா தலையைத் தூக்காமலே, "உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அமலன் ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. வீட்டில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, அது எரிகிற நேரத்தை அளந்துதான் அந்த நீளத்தை முடிவு செய்திருந்தான்.

தசரா விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை விளையாட்டு வெளிவந்தது. விலை நூற்றி எண்பது ரூபாய். நான் உடனே வாங்கினேன். ஸ்டெல்லா அக்காவும் தனக்கென்று ஒரு கணக்கைத் திறந்து வாங்கினார். "உனக்கு எதுக்குக்கா, நான் சும்மா தரேன்" என்று அமலன் கூச்சப்பட்டான். "தியேட்டர்ல என் தம்பி படம் ஓடினா டிக்கெட் எடுக்காம உள்ள போவேனா? தள்ளிப் போடா" என்றார். முதல் நாள் விற்றது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. ஏதோ மடை திறந்த மாதிரி. பத்து, நாற்பது, நூறு. சனிக்கிழமை அது நானூறைத் தாண்டியபோது அமலன் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். "அண்ணே, எப்படிண்ணே?" என்றான்.

அவர் புது நாற்காலியில் சாய்ந்திருந்தார். "நம்ம குரூப்புல போட்டேன்டா," என்றார். "மூவாயிரம் பேரு. என்னன்னு நெனச்ச?"

அமலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர்களுடைய அம்மா பிரியாணி செய்து, எங்கள் இருவரையும் கீழே கூப்பிட்டுப் போட்டார். அவருக்குத்தான் முதலில் பரிமாறினார். "நீங்க மட்டும் இல்லேன்னா தம்பி..." என்று அந்த அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். இவர், "அட, என்னம்மா, நம்ம பையன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார். அமலன் அடுத்த விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டாம். ஸ்டெல்லா அக்கா கெடுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம்பியின் தட்டில் ஒரு துண்டு கறியைக் கூடுதலாக வைத்தார்.

செவ்வாய்க்கிழமை நான் ஆபீசிலிருந்து வந்தபோது அக்கா மடிக்கணினியில் விமரிசனங்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. இது யாருது பாருங்க. உங்க ரூம் அண்ணன் எழுதினது." அக்கா ராகம் போட்டுப் படித்தார். "'கடைசியில் அந்தக் கிழவர் விளக்கை அணைத்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு தமிழனும் ஆட வேண்டிய விளையாட்டு.' நல்லாத்தான் எழுதறார் மனுஷன்."

நான் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த வரிகளுக்கு மேலே, அவர் பெயருக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர் எழுதிய விமரிசனத்தில் அந்தக் கடை தானாகவே போடுகிற வரி. 'பொருள் திருப்பித் தரப்பட்டது.'

அக்காவிடமிருந்து கணினியை வாங்கிக் கீழே உருட்டினேன். 'அருமை.' திருப்பித் தரப்பட்டது. 'இப்படி ஒன்று தமிழில் வந்ததே பெருமை.' திருப்பித் தரப்பட்டது. 'என் பாட்டி ஞாபகம் வந்தது, தம்பிக்கு வாழ்த்துகள்.' திருப்பித் தரப்பட்டது. திட்டி எழுதியவர் ஒருவரும் இல்லை.

அமலன் உள்ளறையில்தான் இருந்தான். அவனுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. விற்றதற்குப் பக்கத்தில் திரும்பி வந்ததற்கென்று ஒரு கட்டம் உண்டாம். அதுவும் மடை திறந்த மாதிரி ஏறியிருக்கிறது. அக்கா படித்துச் சந்தோஷப்படும்போது எப்படிச் சொல்வது என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

அறிவிப்பு வராமல் நான் நிறுத்தி வைத்திருந்த அந்தத் தள்ளுபடிக் குழுவைப் போனில் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் குரு எழுதியிருந்தார். விளையாட்டின் பெயர், படம், அதன் கீழே: 'நம்ம ஏரியா தம்பி பண்ணது. தங்கம். ஒன்றரை மணி நேரம்தான். ஆடிட்டுத் திருப்பு.' அதற்குக் கீழே இதயங்களும் கைதட்டல்களும்.

மாடிக்குப் போனேன். நாற்காலி எந்தப் பக்கமெல்லாம் சுற்றும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமலன் கேமை ஏன் அண்ணா திருப்பினீங்க?"

"முடிச்சாச்சே பா."

"அழுதேன்னு எழுதியிருக்கீங்க."

"அழுதேன். பொய்யா சொல்றேன்? கரண்ட அணைக்கிறாரு பாரு ஒரு எடம்... அப்படியே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம் ஏன் திருப்பினீங்க?"

"இதென்ன கேள்வி? நல்லா இருந்துச்சு, முடிஞ்சுது, திருப்பினேன். நல்லா இல்லாததத்தான் திருப்பணும்னு எங்கனா போட்டிருக்கானா?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "டவுன்லோடு எத்தன ஆச்சு பாத்தியா? காசு என்ன பா காசு, நானூறு பேரு ஆடியிருக்கான். பேரு வந்துச்சா இல்லையா?"

"நூத்தி எண்பது ரூபா அண்ணா."

"அதான். நூத்தி எண்பது. சும்மாவா வருது?"

பின்னால் படியில் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா அக்கா கதவு நிலையில் நின்றார். அந்த அறைக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை. அன்றும் வரவில்லை.

"ஞாயித்துக்கெழம பிரியாணி சாப்டீங்களே, ரெண்டு தட்டு," என்றார். "அதுவும் நல்லா இருந்துச்சு, அதுவும் முடிச்சாச்சு. அத எப்போ திருப்பறீங்க?"

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "டீச்சர், என்ன டீச்சர் இப்படிப் பேசறீங்க... நான் சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லியிருப்பான். நான்தான் மொதல்லயே சொன்னேனே, ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆக்குடான்னு. கேட்டானா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. சொன்னது பலித்தவனின் திருப்தி இருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"சீ," என்றார் அக்கா. சத்தமாகக்கூட இல்லை. பேச்சுக்குக் குறைந்த விலை அதுதான் என்பது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அமலன் சண்டைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் எதிர்ப்பட்டபோது ஒன்றே ஒன்று கேட்டான். "முடிவு புடிச்சுதாண்ணே?"

"சக்கத்டா," என்றார் இவர். பெங்களூருக்கு வந்து கற்றுக்கொண்ட நாலு கன்னட வார்த்தையில் அது ஒன்று. பிரமாதம் என்று அர்த்தம். அந்த மனிதர் கடைசி வரை பார்த்த ஒரே விளையாட்டு அதுதான். அமலன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

கிறிஸ்துமஸ் வந்தது. பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் யாரும் வாங்கவில்லை. திருப்பியவர்கள் போக மீதி நின்றது சொற்பம். கடையில் விளையாட்டைப் பதிவு செய்ய அக்கா கட்டிய பணம்கூட வரவில்லை. அதை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. குடிலில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அவனேதான், "ஜனவரிலேர்ந்து வேலைக்குப் போறேன்க்கா" என்றான். அக்கா, "இன்னொரு ஆறு மாசம் வேணா..." என்று ஆரம்பித்தார். "கை குடுத்திருக்கேன்ல," என்றான். அழவில்லை. அதற்கும் சேர்த்துத்தானே கை கொடுத்திருந்தான். இப்போது ஏதோ ஒரு பேங்க் செயலிக்குப் பொத்தான் வரைகிறான். எந்தப் பொத்தான் எந்த நீலம் என்று நாள் முழுக்கக் கூட்டம் போடுவார்களாம். பஸ் ஸ்டாண்டு விளையாட்டின் படங்கள் அவன் மேஜைக்கு அடியில் சுருட்டிக் கிடக்கின்றன.

என் அறைக்காரர் பிப்ரவரியில் காலி செய்தார். சந்தாபுராவில் பேங்க் ஏலத்துக்கு வந்த பிளாட்டை எடுத்துவிட்டாராம். பாவம், கடன் கட்ட முடியாத யாருடைய வீடோ. போகும்போது சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அட்வான்சில் கொஞ்சம் பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம். இவர் குடிவந்த அன்றே சுவரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். சுவரில் உள்ள கறை அப்போதே இருந்தது என்று அமலனின் அம்மாவிடம் காட்டினார். அம்மா முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். நாற்காலியைத் தூக்கி வண்டியில் ஏற்ற நான் கை கொடுக்கவில்லை.

கோடைத் தள்ளுபடி வந்தது. நீயும் சேர்கிறாயா என்று கடையிலிருந்து அமலனுக்கு வழக்கமான அழைப்பு வந்திருக்கிறது. விலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைத்துவிட்டு, பக்கத்தை மூடிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். அன்று சாயந்திரம் சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது.

"தம்பி, அமலன் கேம வாங்கிட்டேன் பா."

கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போனைக் காதோடு ஒட்டினேன்.

"இந்த வாட்டி திருப்ப மாட்டேன். வச்சுக்கப் போறேன். டீச்சர் அன்னிக்கு அப்படிக் கேட்டதுலேர்ந்து மனசுக்குள்ள என்னமோ மாதிரியே இருந்துச்சு." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "அவன்கிட்ட நீ சொல்லிடு பா."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் எப்படிப் பா... நீ சொல்லு. திருப்பலன்னு சொல்லு."

பஸ் ஓர் அடி நகர்ந்து நின்றது. சரி, இவருக்குள்ளும் எங்கேயோ ஏதோ சுட்டிருக்கிறது போல என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்போடு போனை வைத்திருக்கலாம்.

"எவ்ளோக்கு அண்ணா வாங்கினீங்க?"

அவ்வளவுதான். இறங்கியிருந்த குரல் துள்ளி மேலே வந்தது.

"நான் வெய்ட் பண்ணேன்ல! தொண்ணூறு பர்சென்ட்டு பா, இதுக்குக் கீழ எறங்கவே எறங்காது. பதினெட்டு ரூபா."